மொட்டைப்பாறையூர் ரோப் காருக்கு எடை பார்த்த கதை

மொட்டைப்பாறையூரில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. வெளியூர்க்காரர் யாராவது கோபம் தாங்காமல் "முட்டாளே!" என்று கத்திவிட்டால், அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, "யாருங்க அது? எந்த வீடு? அடையாளம் சொன்னீங்கன்னா தேடிக் குடுத்தர்றோம்" என்பார்கள். ஒரு தடவை ஊரே திரண்டு தெருத்தெருவாகத் தேடியும் இருக்கிறது. ஆள் அகப்படவில்லை.

ஊரை ஒட்டி நிற்கிற மொட்டைப்பாறையின் உச்சியில் குன்றப்பன் கோயில். படியேறிப் போனால் சாமியைக் கும்பிடக் கையைத் தூக்கவும் தெம்பிருக்காது. அதனால் பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து, பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்தில் ஓடி ஓய்ந்த ரோப் கார் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிவந்து மாட்டினார். இரண்டிரண்டு பேர் உட்காருகிற நாற்காலிகள் கம்பிவடத்தில் வரிசையாகத் தொங்கும். அடிவாரத்தில் ஏறினால் உச்சியில் இறங்கலாம். கரண்டில் ஓடும். கரண்ட் போய்விட்டால் இழுப்பதற்கு ஒரு டீசல் எஞ்சினும் கூடவே வந்திருந்தது.

அந்தத் தேசத்தில் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு இதில் ஏறி மேலே போவார்களாம். மேலிருந்து சறுக்கிக்கொண்டே கீழே வருவார்களாம். வந்ததும் திரும்ப ஏறுவார்களாம்.

"மேல கோயில் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார் ரைஸ்மில் ராயப்பன்.

"இல்லையாமா," என்றார் நாச்சிமுத்து.

"அப்பறம் எதுக்கு ஏறறாங்களாமா?"

"இறங்கறதுக்குத்தான்."

"பாவம்," என்றார் ராயப்பன். "எடுத்துச் சொல்றதுக்கு அந்த ஊர்ல ஒரு ஆள் இல்லையாட்ட இருக்குது."

மொட்டைப்பாறையூரில் எடுத்துச் சொல்கிற ஆள் ராயப்பன்தான். அவர் சொன்னால் ஊரே தலையாட்டும். ஆட்டி முடித்த பிறகு, எதற்காக ஆட்டினோம் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

ரோப் கார் மாட்டியாகிவிட்டது. ஆனால் ஓட்டக் கூடாது. பாரம் ஏற்றிச் சோதனை பார்த்து, அரசாங்க இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் ஆள் ஏறலாம். அந்தக் கையெழுத்தில்தான் நாச்சிமுத்துவின் மகள் தமயந்தியின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

தமயந்திக்கு வந்த வரன்களெல்லாம் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே வந்த பஸ்ஸில் திரும்பியிருந்தன. திருமூர்த்தி மட்டும் திரும்பவில்லை. பக்கத்து டவுனில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிறவன். இவள் ஒரு நாள் மிக்ஸியைக் கொண்டுபோய், "ஓடுது, ஆனா ஏன் ஓடுதுன்னு தெரியணும்" என்று கேட்டாள். இதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கே அவன் மனசு அவளிடம் விழுந்துவிட்டது.

அவனுடைய அப்பா அர்த்தநாரிக்குத்தான் சம்மதமில்லை. ரொம்பக் கனத்த மனிதர். இரண்டு முழங்காலும் போய்விட்டவர். "எம்பையன் கல்யாணம் குன்றப்பன் சந்நிதியில, என் கண் முன்னால நடக்கோணும்னு வேண்டுதல். நாங்குறிச்ச முகூர்த்தத்துல நடத்துனாச் சரி. தப்புச்சுதுன்னா டவுன்ல வேற பொண்ணு காத்திருக்குது," என்று சொல்லிவிட்டார். அவர் மலையேற ரோப் காரை விட்டால் வேறு வழியில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாளே வரவேண்டிய இன்ஸ்பெக்டர் வரவில்லை. போன்தான் வந்தது. ஜெபசிங் என்று பெயர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"நாளைக்குக் காலையில நேரா வந்துருதேன். நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஏறப்போற ஆளுங்க எடைக்குச் சமமா மணல் மூட்டை கட்டி நாற்காலியில வச்சிருக்கணும். சோதனை முடியற வரைக்கும் ஒரு ஆள் ஏறப்படாது. பாதி வழியில கரண்டை நிறுத்துவேன். கரண்ட் போனா நெசமா என்ன நடக்குமோ அப்படியே நடக்கணும். டீசல் எஞ்சின் இழுக்குதான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து."

நாளைக்குக் காலையில்தான் முகூர்த்தமும். நாச்சிமுத்து பதறவில்லை. மலைக்கோயில் பூசாரி சடையப்பனையும் மேளக்காரர்களையும் கூப்பிட்டு, "நீங்க வெள்ளனே படியேறி மேல போயிருங்க. தாலி உங்ககிட்டயே இருக்கட்டும். மொதல் நாற்காலியில பொண்ணு மாப்பிள்ளை வருவாங்க. வந்ததும் மணையில உக்கார வெச்சுக் காரியத்தை முடிச்சுப்போடோணும். பின்னால வர்ற சனத்துக்காக நிக்கக் கூடாது. ஒரு கேள்வி கேக்கக் கூடாது" என்றார்.

"நான் எப்பவுமே கேக்கறதில்லீங்களே," என்றார் சடையப்பன்.

விடிந்தது. கல்யாணக் கூட்டம் அடிவார மண்டபத்தில் கூடியது. அங்கே குன்றப்பனுக்குத் துலாபாரம் கொடுக்கிற பெரிய தராசு தொங்குகிறது. வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு தட்டில் உட்கார, மறுதட்டில் வெல்லமோ வாழைப்பழமோ வைத்து, அதைச் சாமிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆளை எடைபோட ஊரில் வேறு தராசு இல்லை.

மணல் வண்டி வந்து நின்றது. ராயப்பன் கையைக் காட்டித் தடுத்தார்.

"சாமி தராசுல மண்ணை வெக்கறதா? ஒரு ஆளுக்குச் சமமா மண்ணு நின்னா, அப்பறம் அந்த ஆளுக்கும் மண்ணுக்கும் என்ன வித்தியாசம்?"

எல்லோரும் குனிந்து தங்களைத் தாங்களே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். மணல் வண்டி திரும்பிப் போனது. ரைஸ்மில்லிலிருந்து நெல் வந்தது.

"ஏறப்போற ஆளுங்க எடை" என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்ததால், ஏறப்போகிற ஒவ்வொருவரும் தட்டில் உட்கார்ந்து எழுந்தார்கள். அவரவர் எடைக்கு நெல் அளந்து, மூட்டை கட்டி, மேலே சாயத்தில் அவரவர் பெயர் எழுதினார்கள். தமயந்தியும் திருமூர்த்தியும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தார்கள்.

"மாலையோட எடை போட்டிருக்குது. அப்ப மூட்டைக்கும் மாலை வேணுமில்லீங்க?" என்று கேட்டான் மாரப்பன். ரோப் காரை ஓட்டப்போகிறவன் அவன்.

"மாலை எடைக்குத்தான் நெல்லு போட்டாச்சே?"

"நெல்லு மணக்குமுங்களா?"

ராயப்பன் குனிந்து மூட்டையை முகர்ந்து பார்த்தார். இரண்டு மூட்டைக்கும் மாலை போட்டார்கள்.

அர்த்தநாரி உட்கார்ந்தபோது தராசின் சங்கிலி ஒரு தரம் முனகியது. எதிர்த்தட்டில் நெல்லைக் கொட்டக் கொட்ட அவர் அசையவேயில்லை. கடைசியில் தட்டு மெல்ல எழும்பியபோது கூட்டம் கைதட்டியது. "சம்பந்தி எடையே சொத்து," என்றார் நாச்சிமுத்து, மனதார.

எடைபோட்டு முடிந்ததும் அர்த்தநாரி பந்தியைப் பார்த்து நடந்தார். ராயப்பன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"எங்கீங்க சம்பந்தி?"

"ரெண்டு இட்லி வாயில போட்டுட்டு வந்தர்றேன்."

"போட்டா எடை கூடிப்போகுமில்லீங்க! மூட்டை அங்க, நீங்க இங்கன்னு ஆயிரும். ஒரு ஆளும் சோதனை முடியற வரைக்கும் உள்ள ஒண்ணும் போடக்கூடாது." கொஞ்சம் தயங்கி, குரலைத் தணித்து, "வெளிய போறதும் கூடாதுங்க," என்றார்.

கல்யாண வீடு முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றது. இட்லி ஆவி பறந்து ஆறியது. சாம்பார் மேலே ஆடை கட்டியது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பாறைக்குப் பின்னால் போய்விட்டு முகம் தெளிந்து வந்தார். ராயப்பன் மாமா பெயர் எழுதின மூட்டையை அவிழ்த்து, அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்து, ஒத்தைக் கை நெல்லை எடுத்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "இன்னொரு கை எடுத்துக்குங்க," என்றார்.

கொஞ்ச நேரத்தில் அர்த்தநாரியின் மீசையில் ஏதோ மினுங்கியது.

"சம்பந்தி, வாயைத் தொறங்க."

திறக்கவில்லை.

"உளுந்து வடை வாசம் வருதுங்க."

அவர் மென்று விழுங்கினார். அவர் மூட்டையில் ஒரு கை நெல் கூடியது.

தமயந்தி தூணோரம் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏற முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. கண்ணில் நீர் திரண்டது.

"அம்மிணி, அழுவாதே," என்றார் ராயப்பன் பரிவாக. "கீழ விழுந்துதுன்னா எடை குறைஞ்சு போகும்."

அவள் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டாள். திருமூர்த்தி பக்கத்தில் வந்து நின்று அவனும் அண்ணாந்து பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூட்டைகளை நாற்காலியில் வைக்கிற வேலை தொடங்கியது. எந்த மூட்டை பக்கத்தில் எந்த மூட்டை? அர்த்தநாரி மூட்டைக்குத் தனி நாற்காலி, அதில் சச்சரவில்லை. பொண்ணு மாப்பிள்ளை மூட்டைகள் முதல் நாற்காலியில், அதிலும் சச்சரவில்லை. நாச்சிமுத்துவின் சம்சாரம் பாவாத்தாள்தான் முன்னால் வந்தாள்.

"என் மூட்டையை அவரு மூட்டைகூட வெக்காதீங்க."

"ஏன் பாவாத்தா?"

"மேல போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாது."

"மூட்டை எப்புடிப் பேசும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வீட்லயும் அப்புடித்தான்."

நாச்சிமுத்து ஒன்றும் பேசவில்லை. பாவாத்தாள் எல்லோரையும் பார்த்து, "பாத்தீங்களா?" என்றாள். அவள் மூட்டை அவளுடைய தங்கச்சி மூட்டையோடு போய் உட்கார்ந்தது.

ஒருவழியாக ஜெபசிங்கின் ஜீப் வந்தது. இறங்கினார். வரிசையாக மூட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், முதல் ஜோடிக்கு மாலை. எதிரே பசியில் கண் சொருகி நிற்கிற கூட்டம். அவர் மூட்டைகளின் எடையைக் கேட்டார், கணக்குப் போட்டுப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"இவ்வளவு கச்சிதமா நான் எங்கயும் பாத்ததில்ல," என்றார்.

"வடைகூடச் சேத்திருக்குதுங்க," என்றார் ராயப்பன்.

மாரப்பன் சுவிட்சைப் போட்டான். கம்பிவடம் ஒரு தரம் சொடுக்கியது; நாற்காலிகள் அசைந்து ஒன்றன் பின் ஒன்றாக மேலே கிளம்பின. ஆளாளுக்குத் தங்கள் மூட்டைக்குக் கையாட்டினார்கள். "கம்பியைக் கெட்டியாப் புடிச்சுக்கோ," என்று ஒருத்தி தன் மூட்டைக்குச் சொன்னாள். அர்த்தநாரியின் நாற்காலி கொஞ்சம் தாழ்ந்துதான் போனது. அதைப் பார்த்து அவருக்கே தலை சுற்ற, திருமூர்த்தி அவரைப் பிடித்துக்கொண்டான்.

பாதி வழி. ஜெபசிங் கையைத் தூக்கினார். "இப்ப கரண்ட் போச்சு! கரண்ட் போனா நீங்க என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க பாப்போம்!"

மாரப்பன் சுவிட்சை அணைத்தான். மூட்டைகள் அந்தரத்தில் நின்று லேசாக ஆடின.

மாரப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து விசிறிக்கொண்டான். நாச்சிமுத்துவும் போய் உட்கார்ந்தார். ராயப்பன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டார். பெண்கள் ஒருபக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, போன தடவை கரண்ட் போனபோது விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

"எப்ப வருமாமா?"

"யாருக்குத் தெரியும்? நேத்தெல்லாம் இருந்துச்சு."

நாச்சிமுத்து கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். "ஏனுங்க, மொட்டைப்பாறையூருங்க. கரண்ட் போயிருச்சுங்க."

"உங்க லைன்ல கரண்ட் இருக்குதே?"

"இல்லீங்க. இப்பத்தான் நாங்களே நிறுத்துனோம்."

"அப்ப நீங்களே போடுங்க."

"அது முடியாதுங்க. போயிருச்சே."

எதிர்ப்பக்கத்தில் போனை வைத்துவிட்டார்கள். "ஆள் பத்தாதாமா, சாயங்காலம் ஆகுமாட்ட இருக்குது," என்று நாச்சிமுத்து கூட்டத்துக்கு விளக்கினார். கரண்ட் ஆபீஸ் எப்போதும் சொல்கிற பதில் அவருக்கு மனப்பாடம்.

ஜெபசிங் வேப்பமரத்தடிக்கு வந்து நின்றார். "என்ன செய்துக்கிட்டு இருக்கீங்க எல்லாரும்?"

"கரண்ட் போனா இதாங்க செய்வோம்," என்றான் மாரப்பன், கொஞ்சம் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டு.

அப்போது மலையுச்சியிலிருந்து கோயில் ஒலிபெருக்கி அலறியது. சடையப்பனின் குரல். "முகூர்த்தம் முடியப்போகுதுங்கோ! பொண்ணு மாப்பிள்ளை பாதியில நிக்கறாங்கோ!"

"பாத்தீங்களா?" என்றார் ராயப்பன். "மேல கரண்ட் இருக்குது, கீழ இல்ல. ஏறுன கரண்டு இறங்க மாட்டேங்குது."

"எஞ்சின்!" என்று ஜெபசிங் கத்தினார். "டீசல் எஞ்சினை எடுங்கய்யா!"

எல்லோரும் எஞ்சின் கொட்டகைக்குப் போனார்கள். அதைப் போல ஒரு எஞ்சினைப் பார்க்க முடியாது. மாரப்பன் தினமும் துடைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி வைத்திருந்தான். அதன் நெற்றியில் பலகை ஒன்று: 'அவசரத்துக்கு மட்டும்.'

மாரப்பன் பலகையைப் படித்தான். சாவியை மடியில் இறுக்கிக்கொண்டான். "இது சோதனைங்க. அவசரமில்லீங்க."

"சோதனைக்கும் எடுக்கலாம்யா!"

"அப்புடி எழுதலீங்களே."

ஊர் கூடி யோசித்தது.

"மூட்டையில நம்ம எல்லார் பேரும் எழுதி அந்தரத்துல தொங்குதே, அது அவசரமில்லீங்களா?" என்றார் ஒருவர்.

"நாமதான் கீழ நிக்கறமே?"

"அப்ப நமக்கு அவசரமில்ல. நம்ம மூட்டைக்குத்தான் அவசரம்."

"மூட்டை எதாச்சும் சொல்லுச்சா?"

அர்த்தநாரி தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "முகூர்த்தம் தப்புச்சுதுன்னா நான் பையனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பறேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"அப்பா," என்றாள் தமயந்தி. அவள் குரல் சின்னதாக வந்தது. "இது அவசரமா, இல்லையா?"

நாச்சிமுத்து மகளைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "யோசிச்சுத்தான் சொல்லோணும் கண்ணு. இதுல அவசரப்படக் கூடாது."

ஊர் ராயப்பனைப் பார்த்தது. ராயப்பன் கண்ணை மூடி, திறந்தார். "அவசரம்னா என்ன? ஆளுங்க ஓடுவாங்க. வீடு பத்திக்கிட்டா ஓடறோம், மாடு அவுத்துக்கிட்டா ஓடறோம். இங்க யாராச்சும் ஓடறாங்களா பாருங்க."

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை. எல்லோரும் நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமயந்தி பட்டுப்புடவைக் கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகினாள். கொட்டகையைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். கழுத்தில் மாலை குதித்தது, வளையல் சிணுங்கியது. திருமூர்த்தி ஒரு கணம் விழித்தான். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.

"ஓடறாங்க!" என்றான் மாரப்பன்.

"ரெண்டு பேரு!" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப அவசரந்தான்," என்றார் ராயப்பன். "போடு."

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கரும்புகை வேப்பமரத்தை மூடியது. கம்பிவடம் முறுக்கேறி, நாற்காலிகள் குலுங்கி, மெல்ல மெல்ல மேலே நகர்ந்தன. அர்த்தநாரி மூட்டை செங்குத்தான இடத்தில் கொஞ்சம் யோசித்தது. எஞ்சின் ஒரு தடவை இருமி அதையும் தூக்கிவிட்டது. மணமக்கள் இரண்டு பேரும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். நின்றால் அவசரம் தீர்ந்துவிடுமோ என்று பயம்.

முதல் நாற்காலி உச்சியைத் தொட்டது. ஜெபசிங் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் பேனாவை மூடுவதற்கும் மேலே ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் கொட்டுவதற்கும் சரியாக இருந்தது.

கீழே சத்தமெல்லாம் அடங்கியது. எஞ்சினைக்கூட மாரப்பன் நிறுத்திவிட்டான்.

"தாலி ஏறிருச்சுங்கோ!" என்றார் சடையப்பன் ஒலிபெருக்கியில். "மாப்பிள்ளை ரொம்பக் கூச்சம், கையையே தூக்க மாட்டேங்கறாரு. முகூர்த்தம் போகக்கூடாதுன்னு மூணு முடிச்சும் நானே போட்டுப்போட்டேனுங்கோ!"

ஓடிக்கொண்டிருந்த தமயந்தி நின்றாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். மாலைதான் இருந்தது.

ஊரே ரோப் காரில் ஏறி மேலே போனது. ஜெபசிங்கும் ஏற வந்தார். மாரப்பன் மரியாதையாகத் தடுத்தான். "உங்க மூட்டை ஏறலீங்களே. உங்க எடைக்குச் சோதனை ஆகலீங்க." கையெழுத்துப் போட்டவர் படியேறித்தான் வந்தார்.

மேலே மணையில் இரண்டு மூட்டைகளும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தன. நெற்றியில் சந்தனம், குங்குமம். தமயந்தி என்று எழுதின மூட்டையின் கழுத்துக்கட்டில் புது மஞ்சள் கயிறு.

"எம்பையன் இங்க நிக்கறான்!" என்று அர்த்தநாரி தடியால் தரையைத் தட்டினார். "இது யாரு?"

"இதும் உங்க பையந்தாங்க," என்றார் ராயப்பன். "சாமி தராசுல ரெண்டும் சமமா நின்னுதா, இல்லீங்களா?"

"நின்னுது."

"குன்றப்பனே ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னதுக்கு அப்பறம் நாம யாருங்க பிரிச்சுப் பாக்கறதுக்கு?"

அர்த்தநாரி யோசித்தார். "சரி, அந்தத் தாலியை அவுத்து இந்தப் புள்ளை கழுத்துல கட்டிப்போடலாமே?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாவாத்தாளுக்கு உடம்பே பதறிவிட்டது. "என்ன பேச்சுங்க சம்பந்தி இது! புருசன் கல்லுக்குண்டாட்டப் பக்கத்துல உக்காந்திருக்கறப்போ பொண்ணு கழுத்துத் தாலியை அவுக்கறதா?"

அர்த்தநாரி மாப்பிள்ளை மூட்டையைப் பார்த்தார். அது கொஞ்சமும் சாயாமல், மாலையோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பெற்ற மனம் இளகிவிட்டது. "சின்ன வயசுல இருந்தே அப்புடித்தான் உக்காருவான்," என்றார் தழுதழுத்து. "சந்நிதியில, என் முகூர்த்தத்துல கல்யாணம் நடந்திருச்சு. எனக்கு அது போதும். சோதனை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

"அப்ப இலையைப் போடச் சொல்லுங்க."

தராசில் வைத்தது சாமிக்குச் சொந்தம் என்பதால் மற்ற மூட்டைகளெல்லாம் கோயில் களஞ்சியத்துக்குப் போயின. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைக் கூட்டத்தோடு அடைக்கலாமா? அவர்களுக்கு மட்டும் மேலேயே கோயில் மண்டபத்தில் காற்றோட்டமான ஒரு மூலையை ஒதுக்கி, திரை கட்டிவிட்டார்கள்.

தமயந்தியும் திருமூர்த்தியும் கீழே நாச்சிமுத்து வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியேறினார்கள். அவன் ரேடியோவைப் பிரிப்பான், அவள் எதிரே உட்கார்ந்து, "இது ஏன் இங்க இருக்குது?" என்று கேட்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மலைக்கு ஏறிப்போய்த் தன் தாலிக்குக் குங்குமம் வைத்துவிட்டு வருவாள். சில நாள் அந்த மூட்டை பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள்.

"என்னம்மிணி செஞ்சுட்டு வந்தே?" என்று பாவாத்தாள் கேட்பாள்.

"சும்மாதாம்மா. அவளுக்கு நல்லாக் காத்து வருது. ஊரே கண்ணுக்குத் தெரியுது. ஆனா பேச ஆளில்ல. பக்கத்துல இருக்கறது அப்பா மாதிரி," என்பாள்.

ஐப்பசி அடைமழையில் மண்டபத்து ஓடு ஒழுகியது. அந்த வெள்ளிக்கிழமை மலையேறிப் போன தமயந்தி, திரையை விலக்கிப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் மூட்டையின் நடுவில், சணல் பிரிந்த இடத்தில், பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. தொட்டுப் பார்த்தாள். மூட்டை நன்றாக உப்பியிருந்தது.

அவள் ரோப் காரை நோக்கி ஓடிவந்தாள். கீழேயிருந்து அதைப் பார்த்த மாரப்பன், கரண்ட் இருந்தும் சுவிட்சை அணைத்துவிட்டு எஞ்சினைப் போட்டான். ஓடுகிறாள், அப்புறமென்ன?

சேதி கேட்டு அர்த்தநாரி டவுனிலிருந்து பலகாரத்தோடு வந்து இறங்கினார். ஊர் திரண்டு மலையேறி மூட்டைக்கு வளைகாப்புப் போட்டது. கை இல்லாததால் மூட்டையின் இரண்டு காதிலும் வளையல் அடுக்கினார்கள். தமயந்திதான் முதல் வளையல் போட்டாள். பக்கத்து மூட்டையில் ஒரு முளையும் இல்லை என்று யாரோ குறை சொன்னார்கள். "ஆம்பளை எதுக்குடா முளைக்கோணும்?" என்று ராயப்பன் அதட்டினார்.

அப்போதுதான் பாவாத்தாள் அந்தப் பேச்சை எடுத்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? சாமி சொத்தாகவே இருந்தாலும் பிள்ளைப்பேற்றுக்கு அனுப்பமாட்டேன் என்று சாமி சொல்லுமா? மூட்டையைக் கீழே அழைத்துப் போகவேண்டும். துணைக்கு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவாள். இனிப் பிரசவம் முடிகிறவரை கை விடமாட்டாள்.

மாரப்பன் நாற்காலியைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், பாவாத்தாளைப் பார்த்தான். விரல் விட்டு எண்ணினான். முகம் வெளுத்துப்போனது. நாச்சிமுத்துவின் காதில் ஏதோ சொன்னான். நாச்சிமுத்து உடனே ஜெபசிங்குக்குப் போன் போட்டார்.

"ஐயா, மொட்டைப்பாறையூருங்க. நீங்க மறுபடியும் வந்து ஒரு சோதனை பாத்துக் கையெழுத்துப் போடோணுங்க."

"ஏன்? என்னாச்சு? எஞ்சின் இழுக்கலையா?"

"எஞ்சினெல்லாம் நல்லா இருக்குதுங்க. நாற்காலிக்கு ரெண்டு பேருன்னுதானுங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க? எம்பொண்ணு மூட்டை முழுகாம இருக்குதுங்க. கூட என் சம்சாரம் வர்றாங்க. வயித்துல இருக்கறதையும் சேத்தா மூணு பேராச்சுங்களே?"

கம்பிவடம் காற்றில் கிறீச்சிட்டது. ஜெபசிங் படித்த மனிதர். பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர். தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்திருப்பார் போல. போனில் மெத்தென்று ஒரு சத்தம் வந்தது.

பிறகு அவர் கேட்டார்:

"இப்ப எத்தனை மாசம்?"